வில்லிசை வாழும் வழி

பாறசாலையைக் கடந்து களியக்காவிளையை அடைந்தால் மாநிலம் மாறுகிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் அமைந்தது. நிலம் பிரிந்தபோதும் வில் பிரியவில்லை. தமிழர் வில்லுப்பாட்டு என்பதை மலையாளிகள் வில்லடிச்சான் பாட்டு என்பர். இரவிக்குட்டிப்பிள்ளையின் போர்க்கதையை இரு மொழியாரும் தம் இலக்கியமாகவே போற்றுகின்றனர்.

மண்குடத்தின்மேல் பெரிய வில்லைக் கிடத்தி, அதில் மணிகளைக் கட்டியிருப்பர். தலைமைப் பாடகர் வீசுகோல்களால் நாணை அடித்துக் கதை கூறுவார். குடம், உடுக்கை, தாளம் ஆகியன உடன் ஒலிக்கும். கோவில் கொடை விழாக்களில் இரவு முழுவதும் இக்கதைகள் பாடப்பெற்றன.

கொடைக்கு உரிய கலையை வேறிடத்திற்குக் கொண்டு செல்லலாகாது என்பர் சிலர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் வாழ்க்கை இக்கருத்தை மறுக்கிறது. 1908இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்த அவர், திரைப்பட நகைச்சுவையில் பெரும்புகழ் பெற்றபின்னும் தம் ஊர் வில்லிசையைப் பாடினார். இளங்கவிஞர் சுப்பு ஆறுமுகத்தின் துணையோடு காந்தியடிகளின் வரலாற்றை வில்லிசையாக்கினார். கொடை விழாவையே கண்டிராத நகரத்து மக்களும் அதைச் சுவைத்தனர். பின்னர்ப் பல்லாண்டுகள் வில்லிசையை வளர்த்த சுப்பு ஆறுமுகத்திற்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. காலத்திற்கேற்ற கதையைப் பாடியதால் பழைய வில்லுக்குப் புதிய அவை கிடைத்தது.

எனினும், புதுமை ஒன்றே போதுமா? குமரி மாவட்டத்தில் சிறுமியாய் இருந்தபோதே பாடத் தொடங்கிப் புகழ்பெற்றவர் பூங்கனி அம்மையார். அவர் முதுமையில் வறுமையுற்று 2018இல் மறைந்தார். கலையைப் புகழ்ந்தோர் பலர். கலைஞரைக் காத்தோர் சிலரே. பாடுவோர்க்குத் தக்க ஊதியமும், கற்பிக்க மாணவரும், கேட்க அவையும் இல்லையெனில் எந்த விருதும் இக்கலையைக் காவாது.

இவ்வகையில் கேரளத்தில் வாழும் தமிழ்ச் சிறார்க்கு ஒரு நற்பேறு உண்டு. எல்லையின் இருபுறத்துப் பாட்டும் அவர்களுக்குப் பொருள் விளங்கும். பள்ளி விழாக்களுக்கு வில்லிசைக் குழுவினரை அழைத்து, தக்க ஊதியம் அளித்து, அவர்களிடமே சிறார் பயிலுதல் வேண்டும். கற்கும் சிறுவர் ஒருவர் இருக்கும் ஊரில் வில் ஓய்வதில்லை.

சிந்தித்து விடை தருக

1. கலைவாணர் வில்லிசைக்குப் புதிய அவையை எவ்வாறு பெற்றுத் தந்தார்?

2. "கலையைப் புகழ்ந்தோர் பலர்; கலைஞரைக் காத்தோர் சிலரே." இக்கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் தருக.