முகவரியற்றோரின் தபாலகம்

பழைய கட்டடங்கள் நிறைந்த நகரொன்றின் நடுவே வானுயர் கட்டடம் எழும்பும்போது ஊர் இரண்டாகப் பிரிந்து வாதிடுவது உலக வழக்கம். பாரிஸ் நகரில் 1973 இல் ஏறத்தாழ 210 மீற்றர் உயரமான மொன்பர்னாஸ் கோபுரம் திறக்கப்பட்டது. அதற்கு எழுந்த எதிர்ப்பின் வேகத்தில், 1977 இல் அந்நகரம் கட்டட உயரத்துக்குக் கடுமையான வரம்பு விதித்தது. இங்கிலாந்தின் லிவர்பூல், தன் பழைய துறைமுகக் கரையில் புதிய கட்டுமானங்களுக்கு இடமளித்ததன் காரணமாக, 2021 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. நம்மவர் பலர் வாழும் பினாங்கின் ஜோர்ஜ் டவுன், 2008 இல் அப்பட்டியலில் இடம்பெற்ற கையோடு, 18 மீற்றர் வரம்பை மீறிய ஹோட்டல் திட்டங்களால் பெரும் சர்ச்சைக்கு உள்ளானது.

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் ஐம்பது மாடிக் கட்டடம் எதுவும் கிடையாது. ஆனால் ஓட்டுக் கூரைகளும் புகைபோக்கிகளும் மரங்களுக்கு மேலே தலைகாட்டாத ஓர் ஊரில், ஆறேழு மாடிக் கட்டடமே வானத்தை மறைத்துவிடும். எனவே உயரம் பற்றிய கவலை இங்கும் உண்டு. எனினும், இந்த நகரில் மரபுரிமை விவாதம் உண்மையில் சூடுபிடித்தது ஒரு புதிய கோபுரத்தைப் பற்றியல்ல. ஏற்கனவே நிற்கும் ஒரு பழைய கட்டடத்தை ஹோட்டலாக்குவது பற்றித்தான். அதுதான் நுவரெலியா தபாலகம்.

அந்தக் கட்டடத்தை வாசகர்களில் பலர் நேரிலோ படத்திலோ பார்த்திருப்பீர்கள். செங்கல்லால் கட்டப்பட்டு, கூரான கூரையும் கடிகாரக் கோபுரமும் கொண்டு, இங்கிலாந்தின் ஏதோ ஒரு கிராமத்திலிருந்து பெயர்த்தெடுத்து வைத்தாற்போல நிற்கிறது. 1894 இல் கட்டப்பட்டது. நூற்று முப்பது ஆண்டுகளைக் கடந்தும் கட்டப்பட்ட நோக்கத்துக்காகவே பயன்படுகிறது என்பதே அதன் தனிச்சிறப்பு.

இந்தக் கட்டடத்தைச் சுற்றுலாத் துறைக்குக் கையளிக்கும் யோசனை ஒருமுறையல்ல, பலமுறை முளைத்தது. 2017 ஜூனில், காலி, கண்டி, நுவரெலியா ஆகிய மூன்று நகரங்களின் பழைய தபாலகங்களும் கைமாறப் போகின்றன என்று தபால் ஊழியர்கள் பணிப்புறக்கணிப்பில் இறங்கினார்கள். 2023 இல் அதே யோசனை மீண்டும் வந்தது. இந்தியாவின் பிரபல ஹோட்டல் குழுமமொன்றின் பெயர் பேசப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 8, 9 ஆம் திகதிகளில் நாடெங்கும் தபால் ஊழியர்கள் 48 மணிநேர வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024 இன் ஆட்சி மாற்றத்தின் பின் புதிய அரசாங்கம் அத்திட்டத்தைக் கைவிட்டது. தபாலகம் தபாலகமாகவே இருக்கிறது.

பிரச்சினை முடிந்துவிட்டதே, இப்போது இதைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். ஒருமுறை கைவிடப்பட்ட திட்டம் ஆறே ஆண்டுகளில் திரும்பி வந்தது என்பதே என் பதில். கஜானா காலியாகும்போதெல்லாம் அரசாங்கங்களின் கண் இத்தகைய கட்டடங்களின் மீது விழுகிறது. அடுத்த முறை வரும்போது நம்மிடம் உணர்ச்சியைத் தவிர வேறு வாதமும் இருக்க வேண்டும்.

எதிர்த்தரப்பின் வாதங்களை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. தபால் திணைக்களம் நீண்டகாலமாக நட்டத்தில் ஓடுகிறது. மக்கள் கடிதம் எழுதுவது அருகிவிட்டது. நகரின் மிகப் பெறுமதியான நிலத்தில் முத்திரை விற்றுக்கொண்டிருப்பதை விட, அதை ஹோட்டலாக்கினால் வருமானம் வரும், தோட்டத்து இளைஞர்கள் கொழும்புக் கடைகளில் அலையாமல் ஊரிலேயே வேலை பெறுவார்கள் என்கிறார்கள். பழைய கட்டடத்தைச் சுற்றுலாவுக்குப் பயன்படுத்துவது பாவமும் அல்ல. நகரின் கிராண்ட் ஹோட்டலே ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கட்டிய வீட்டிலிருந்து வளர்ந்ததுதான். கந்தப்பளைக்கு அருகே மூடிக் கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை தொண்ணூறுகளில் ஹோட்டலாக மாற்றப்பட்டது. இயந்திரங்களையும் ஜன்னல் வரிசைகளையும் அழிக்காமல் செய்த அந்த மாற்றத்தைப் பாராட்டாதவர் இல்லை.

ஆனால் வேறுபாட்டைக் கவனியுங்கள். ஹெதர்செட்டில் கொழுந்து அரைப்பது நின்று பல ஆண்டுகளாகியிருந்தது. அந்தக் கட்டடத்திலிருந்து யாரும் வெளியேற்றப்படவில்லை. தபாலகம் அப்படியல்ல. அது இயங்கிக்கொண்டிருக்கிறது. காலியான கட்டடத்துக்குப் புதிய உயிர் கொடுப்பதும், உயிரோடிருக்கும் கட்டடத்தைக் காலி செய்வதும் ஒன்றாகா.

இன்னொரு வாதமும் உண்டு. இது நம் பக்கத்திலிருந்தே வருவது. எனவே கூடுதலாகச் சுடுவது. வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் சொந்த ஊர் ஏக்கம் தீரக் கட்டிக்கொண்ட செங்கல் கட்டடத்துக்காக, அவர்களால் கூலிகள் என்று அழைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ஏன் கண்ணீர் வடிக்க வேண்டும் என்பதே அது. 2023 இல், தபாலகப் போராட்டத்துக்குச் சில மாதங்கள் முன்னர், மலையக மக்களின் 200 ஆண்டு வருகையை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்ததை வாசகர்கள் அறிவார்கள். வழிநெடுக மாண்டவர்களின் நினைவைச் சுமந்து நடந்த அதே ஆண்டில், துரைமாரின் கட்டடத்தைக் காப்பாற்றுங்கள் என்று குரல் எழுப்புவது முரண் அல்லவா?

நான் இதை முரணாகக் கருதவில்லை. நுவரெலியாவின் ஆங்கிலேயர் காலக் கட்டடங்கள் எல்லாம் ஒரே சாதியைச் சேர்ந்தவை அல்ல. 1876 இல் தோன்றிய ஹில் கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சுதந்திரத்துக்குப் பின்னரும் நெடுங்காலம் அது இலங்கையரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. தோட்டத் தொழிலாளி அதன் முன்வாசலைக் கனவிலும் மிதித்திருக்க மாட்டார். குதிரைப் பந்தயத் திடலும், கோல்ஃப் மைதானமும், துரைமாரின் பங்களாக்களும் அவ்வாறே. அந்த ஆங்கில நகரில், தலையில் கொங்காணியோடு வந்த ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணும் ஒரு முத்திரையின் விலையைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே நுழையக்கூடிய கட்டடமாகத் தபாலகம் இருந்தது. அங்கே அவள் யாருடைய தயவிலும் நிற்கவில்லை. வரிசையில் நின்றாள்.

அந்த வரிசை எதற்காக நின்றது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரண்டாகப் பிளந்தது. அண்ணன் கூடலூரிலும் கோத்தகிரியிலும், தம்பி தலவாக்கலையிலும் ராகலையிலும் என்று ஆனபின், இரு மலைகளுக்கும் இடையே எஞ்சியிருந்த உறவு கடிதம் ஒன்றுதான். கல்யாணச் செய்தியும் சாவுச் செய்தியும் அந்த வழியாகத்தான் போய்வந்தன. பத்திரிகைத் தொழிலில் நான் சேர்ந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில்கூட மலையகச் செய்தியாளர்களின் செய்திகளில் பெரும்பகுதி தபாலில்தான் வந்தது. மூன்று நாள் பழைய செய்தி என்று அலுத்துக்கொள்வோம். ஆனாலும் அது வராவிட்டால் மலையகம் பற்றிப் பத்திரிகையில் ஒரு வரியும் இராது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மலையகத்துக்கு வெளியே வாழும் தமிழர்களில் பலர் இதை அறியமாட்டார்கள். லயத்தில் வாழும் ஒருவருக்குத் தனி முகவரி என்று ஒன்று இல்லை. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், ஊர், அவ்வளவுதான். கடிதம் வீட்டுக்கு வராது. தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்து எவர் கைவழியாகவோ, என்றைக்கோ உரியவரைச் சேரும், சேராமலும் போகும். நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதம் திகதி கடந்தபின் கைக்குக் கிடைத்த கதைகளை மலையகத்தில் எந்தத் தோட்டத்திலும் கேட்கலாம். இன்று கடிதம் எழுதுவார் யாருமில்லை என்று சொல்வோர், சேமலாப நிதிக் கடிதமும், நீதிமன்ற அழைப்பாணையும், அரசாங்க வேலைக்கான கடிதமும் இன்றும் தபாலில்தான் வருகின்றன என்பதை மறந்துவிடுகிறார்கள்.

2012 இன் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்ட மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மலையகத் தமிழர். ஆகவே நிலைமை இதுதான்: தபால் சேவை இன்னும் வாசல்வரை வந்து சேராத மக்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டத்தின் தலைநகரில், தபாலகத்தை ஹோட்டலாக்குவது பற்றி யோசித்தார்கள். அச்சேவையை லயத்து வாசலுக்குக் கொண்டுசெல்வது பற்றி அதே வேகத்தோடு யோசித்ததாகத் தெரியவில்லை. கட்டடத்தின் செங்கற்கள் ஹோட்டலானாலும் இடிபட்டிருக்க மாட்டா. சுவரும் கோபுரமும் மெருகேறிப் பளபளத்திருக்கும். ஆனால் ஹில் கிளப்பின் வரிசையில் இன்னுமொரு கட்டடம் சேர்ந்திருக்கும். யாரெல்லாம் உள்ளே போகலாம் என்பதும் ஒரு கட்டடத்தின் மரபுரிமையில் சேர்ந்ததுதான்.

சட்டம் இதில் அதிகம் உதவுவதில்லை. நம் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940 இல் இயற்றப்பட்டது. புராதனச் சின்னத்துக்கு அது வகுத்திருக்கும் எல்லை 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன நாள் அது. அதற்குப் பிந்திய கட்டடமென்றால், வர்த்தமானி மூலம் தனியாக அறிவித்தால்தான் பாதுகாப்பு. கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் நம் முன்னோர் இந்த மலைகளில் ஏறியதோ 1815 இற்குப் பின்னர். அதாவது, மலையகத் தமிழரின் வரலாறு முழுவதும் சட்டம் கோடு கிழித்த இடத்துக்கு இப்பால்தான் தொடங்குகிறது. அவர்கள் தொட்ட எந்தக் கல்லும் தானாகப் பாதுகாப்புப் பெறாது. யாராவது கேட்டு வாங்க வேண்டும்.

பாதுகாப்புக் கிடைத்தாலும் போதாது என்பதற்குச் சென்னை அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடமே சான்று. 1897 இல் எழுந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தை 2006 இல் இடிக்கத் தொடங்கினார்கள். வழக்குத் தொடரப்பட்டு, 2010 இல் சென்னை உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. மரபுரிமை ஆர்வலர்களுக்குப் பெரிய வெற்றி. அதன் பின்னரோ, பயன்பாடின்றிச் செடி முளைத்துப் பல ஆண்டுகள் பாழடைந்து நின்றது. பழுதுபார்ப்பும் பயன்பாடும் இல்லாமல் ஒரு கட்டடத்தைத் தீர்ப்பு மட்டும் நிமிர்த்தி வைக்காது.

இனி உயரத்துக்கு வருவோம். நுவரெலியாவிலும் அட்டனிலும் புதிய மாடிக் கட்டடங்கள் எழும்புவதைக் கண்ணுள்ள எவரும் காணலாம். அட்டனில் தெருமட்டத்தில் இரண்டு மாடியாகத் தெரியும் கட்டடம், பின்புறச் சரிவில் நான்கு மாடி ஆழத்துக்குத் தூணூன்றி நிற்கும். பாரிஸிலும் லிவர்பூலிலும் உயரம் என்பது அழகு பற்றிய வாதம். மலைநாட்டில் அது மண் பற்றிய வாதம். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை விழுங்கியது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் கொட்டிய மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் சரிவுகள் இடிந்தன. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்த அந்தப் பேரழிவுக்குப் பின்னர், சரிவில் மாடி கட்டுவது கட்டட உரிமையாளரின் சொந்த விவகாரம் என்று யாரும் வாதிட முடியாது. மேலே கட்டுபவரின் கழிவுநீரும் வெட்டிய மண்ணும் கீழே வாழ்பவரின் கூரைக்குத்தான் வருகின்றன. கீழே வாழ்பவர் பெரும்பாலும் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மரபுரிமை பேசும் நண்பர்களுக்கும் ஒரு சொல். நூறாண்டு கடந்த கட்டடங்கள் இந்த மாவட்டத்தில் எவை என்று பட்டியலிட்டால், அதில் லயங்களும் வரும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள். அவற்றைப் பழமை என்ற பெயரில் அப்படியே வைத்திருக்கச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. கம்பளைப் பகுதியில் ஒரு பழைய லயம் அருங்காட்சியகமாக்கப்பட்டிருக்கிறது. அது நல்ல காரியம். மற்றவற்றின் இடத்தில் காணியுரிமையோடு கூடிய தனிவீடுகள் எழ வேண்டும். அதற்காக இடிபடும் பழைய சுவருக்கு நான் ஒரு துளிக் கண்ணீரும் விடமாட்டேன். பழையது என்பதற்காக எதையும் காக்க வேண்டியதில்லை. மக்களுக்குப் பயன்படுவதைக் காக்க வேண்டும். மக்களை வதைப்பதை மாற்ற வேண்டும்.

எனவே செய்ய வேண்டியவை தெளிவானவை. நுவரெலியா தபாலகத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக வர்த்தமானியில் அறிவித்து, அது தபாலகமாகவே இயங்க வேண்டும் என்பதையும் அரசாங்கம் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். வருமானம் வேண்டுமென்றால், உபயோகமற்ற அறைகளில் தபால் அருங்காட்சியகமும் தேநீர்ச்சாலையும் நடத்தட்டும். முத்திரை விற்கும் சாளரம் மூடப்படக் கூடாது. மலைச்சரிவில் மாடி கட்ட அனுமதி கேட்கும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி அமைப்பு தரும் அறிக்கை தமிழிலும் சிங்களத்திலும் பகிரங்கமாக ஒட்டப்பட வேண்டும். கீழே வாழ்பவர் அதைப் படித்து ஆட்சேபிக்கக் காலம் தரப்பட வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு லயத்து வீட்டுக்கும் இலக்கம் வேண்டும். அந்த இலக்கத்துக்குத் தபால்காரர் நேரே வர வேண்டும்.

இவற்றில் கடைசிக் கோரிக்கைக்குச் செங்கல்லும் சீமெந்தும் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கையும், சில நூறு தபால்காரர்களும் போதும். அதைச் செய்யாத அரசாங்கம் எதுவானாலும், 1894 இன் கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று மார்தட்டிக்கொள்ள அதற்குப் பாதி உரிமைதான் உண்டு.