ஆறு அமர்வில் வந்துவிடுமா மனத்திடம்?

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்லை என்ற பேச்சு யாழ்ப்பாணத்தில் கேட்காத இடமில்லை. பெற்றார் கூட்டத்தில் சொல்கிறார்கள், பரிசளிப்பு விழா மேடையில் சொல்கிறார்கள், செத்தவீட்டுப் பந்தலுக்குள் இருந்தும் சொல்கிறார்கள். ஒரு பரீட்சைப் பெறுபேறு, ஒரு காதல் முறிவு, வீட்டில் ஓர் ஏச்சு, இவ்வளவுக்கே பிள்ளை உடைந்துபோகிறது என்பது முறைப்பாடு. முறைப்பாடு பழையது, அதற்குச் சொல்லப்படும் மருந்துதான் புதியது. கொரோனா முடக்கத்தில் வகுப்பறை சூமுக்குப் போனபோது உளநலப் பயிற்சியும் கூடவே போனது. வகுப்பறை திரும்பி வந்துவிட்டது, பயிற்சி அங்கேயே தங்கிவிட்டது. வட்ஸ்அப் குழுவில் இணைப்பு வரும். கொழும்பிலிருந்தோ இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ ஒருவர் பேசுவார். மூச்சை இழுத்து விடுவது, கெட்ட எண்ணத்தை நல்ல எண்ணமாக மாற்றுவது, நன்றி சொல்லிக் குறிப்பேடு எழுதுவது என்று ஐந்தாறு அமர்வுகள். முடிவில் ஒரு மின்சான்றிதழ். இத்தனையும் முடிந்தால் பிள்ளையின் உள்ளத்தில் ‘மீள்திறன்’ வளர்ந்திருக்கும் என்று அதிபர்மார் நம்புகிறார்கள், பெற்றார் நம்புகிறார்கள், காசு அனுப்பும் பழைய மாணவர் சங்கங்களும் நம்புகின்றன. நடத்துகிறவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த நம்பிக்கைதான் பிழை.

பிழை என்று சொல்ல வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை. போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே யாழ். மாவட்டப் பாடசாலைகளில் இது சோதித்துப் பார்க்கப்பட்டது. 9 முதல் 12 வயது வரையான 399 பிள்ளைகள். ஒரு பகுதியினருக்கு ஐந்து வாரத்தில் 15 அமர்வுகள், மற்றவர்கள் காத்திருப்புப் பட்டியலில். சிந்தனையை மாற்றும் உத்திகளும் விளையாட்டும் வரைதலும் கலந்த பயிற்சி அது. உள்ளூரில் பயிற்றப்பட்டவர்கள் பிள்ளைகளோடு நேரில் இருந்து நடத்தினார்கள். வீட்சே டொல் தலைமையிலான அந்த ஆய்வில் யாழ்ப்பாணத்து உளமருத்துவர் சிவயோகனும் ஓர் ஆசிரியர். 2012இல் ‘வேர்ல்ட் சைக்கியற்றி’ இதழில் வெளிவந்தது. மனவடு, மனச்சோர்வு, பதகளிப்பு என்ற மூன்றிலும் மொத்தப் பிள்ளைகளை எடுத்துப் பார்த்தால் பயிற்சியால் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. குழப்படி குறைந்தது. ஆண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் உதவியது. பயிற்சி பெற்ற பெண் பிள்ளைகளோ, ஒன்றும் பெறாமல் காத்திருந்த பெண் பிள்ளைகளைவிடக் குறைவாகவே மனவடுவிலிருந்து தேறினார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான முடிவு ஒன்று உண்டு. அன்றாடம் போரின் நெருக்கீடு குறைவாக இருந்த பிள்ளைக்கே பயிற்சி கூடுதலாகப் பலன் தந்தது. சூழல் எந்தப் பிள்ளையை அதிகம் நெரித்ததோ அந்தப் பிள்ளையிடம் பயிற்சி எடுபடவில்லை. நம் மண்ணில், நம் பிள்ளைகளிடம் கிடைத்த இந்த விடையை நாமே வாசிக்காமல் விட்டதுதான் வேடிக்கை.

அது போர்க்காலம், இப்போது நிலைமை வேறு என்று சொல்லலாம். போரே இல்லாத நாடுகளிலும் விடை பெரிதாக வேறுபடவில்லை. ஐக்கிய இராச்சியத்தில் 85 பாடசாலைகளில் 8,376 மாணவர்களை வைத்து ஒக்ஸ்பேர்ட் ஆய்வாளர்கள் மனவிழிப்புப் (மைண்ட்ஃபுல்னஸ்) பயிற்சியைப் பல ஆண்டுகள் சோதித்தார்கள். 2022இல் வெளியான முடிவு, வழக்கமான வகுப்பைவிட இதனால் மேலதிக நன்மை இல்லை என்பது. வீட்டில் செய்து பாருங்கள் என்று சொல்லப்பட்டதைப் பெரும்பாலான பிள்ளைகள் செய்யவேயில்லை. ஏற்கெனவே தளர்ந்திருந்த பிள்ளைகளுக்கு இது தீங்காகவும் அமையலாம் என்று ஆய்வுக் குழுவே எச்சரித்தது. அவுஸ்திரேலியாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களிடம் எட்டு வாரம் நடந்த உணர்ச்சிக் கட்டுப்பாட்டுப் பயிற்சி 2023இல் இன்னும் சங்கடமான சேதியைத் தந்தது. பயிற்சி முடிந்த கையோடு அந்தப் பிள்ளைகளின் மனச்சோர்வும் பதகளிப்பும் மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக இருந்தன. பெற்றாருடனான உறவும் மோசமாகியிருந்தது. இவை எல்லாம் ஆசிரியரோ பயிற்சியாளரோ முன்னால் நின்று நடத்தியவை. ஆள் நின்று நடத்தியே இவ்வளவுதான் என்றால், கமராவை அணைத்துவிட்டுப் படுத்துக் கிடந்து கேட்கும் சூம் அமர்வு என்ன செய்யும்? கைப்பேசிச் செயலிகளின் கதை இதைவிடச் சுருக்கம். மனநலச் செயலிகள் 93இன் பயன்பாட்டைக் கணக்கிட்டு 2019இல் வெளியான ஆய்வொன்றில், பதினைந்தாம் நாளில் அவற்றைத் திறப்பவர்களின் இடைநிலை விகிதம் 3.9 சதவீதம். நூறு பேர் இறக்கினால் இரண்டு கிழமையில் நான்கு பேர்கூட மிஞ்சவில்லை.

ஏன் இப்படி? மீள்திறன் என்பது தசையைப்போலப் பயிற்சியால் ஊதக்கூடிய ஒன்று, அது ஒவ்வொரு தனி உள்ளத்துக்குள்ளும் இருக்கிறது என்ற எண்ணத்தில்தான் கோளாறு. அந்தச் சொல்லைப் புகழுக்குக் கொண்டுவந்த ஆய்வே அப்படிச் சொல்லவில்லை. எமி வேர்னர் ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல தசாப்தங்கள் பின்தொடர்ந்தார். வறுமை, குடி, குடும்பச் சண்டை என்று எல்லாம் சேர்ந்து அமுக்கிய பிள்ளைகளிலும் மூன்றிலொரு பங்கினர் நன்றாக வளர்ந்தார்கள். அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. பெற்றார் தவறிய இடத்தில் ஒரு பேத்தியாரோ, மாமியோ, ஆசிரியரோ, பக்கத்து வீட்டுக்காரரோ அந்தப் பிள்ளையை விடாமல் பிடித்திருந்தார்கள். பிள்ளையின் சுபாவத்துக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கவாயில் கண்டதில் பெரும்பகுதி உறவின் வேலை. அதைப் பிய்த்தெடுத்துத் தனியாளின் திறமையாக்கி, திறமையென்றால் பாடமாக்கலாம், பாடமென்றால் இணையத்தில் ஏற்றலாம் என்று வந்து சேர்ந்திருக்கிறோம். ஒரு கதியாலைத் தனியே நட்டுவிட்டு, காற்றில் சாயாமல் நிற்பது எப்படி என்று அதற்கு வகுப்பு எடுப்பதைப் போன்றது இது. வேலியாய்க் கட்டினால் அது தானே நிற்கும்.

இந்த இடத்தில் பெரியவர்கள் எழுந்து, நாங்கள் குண்டுக்குள்ளும் படித்தோமே, எங்களுக்கு யார் பயிற்சி தந்தது என்பார்கள். நல்ல கேள்வி, அவர்கள் நினைப்பதற்கு மாறான விடையைத் தரும் கேள்வி. 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லாத குடாநாட்டில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தது உண்மை. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்ததும், போன இடத்தில் மரத்தின் கீழ் வகுப்பு வைத்ததும் உண்மை. அந்தத் தாங்குசக்தி ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும் தனித்தனியே இருந்த பொருளன்று. தெரியாத வீட்டுத் திண்ணையில் இடம் தந்த சனத்திடமும், ஒரே பானையில் சோறு போட்ட குடும்பத்திடமும், சம்பளம் வருமோ என்று தெரியாமல் வந்து படிப்பித்த வாத்தியாரிடமும் இருந்தது அது. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் தமது ஆய்வுகளில் ‘கூட்டு மனவடு’ என்று பேசுவதன் அடிப்படையும் இதுவே: எங்கள் சமூகத்தில் தனியாள் குடும்பத்தோடும் ஊரோடும் பின்னிக் கிடக்கிறார், ஆகவே போர் உடைத்தது அந்தப் பின்னலை. நம்பிக்கையீனம், மௌனம், ஒருவரையொருவர் சந்தேகித்தல் என்று அவர் பட்டியலிட்டவை சமூகத்தின் நோய்கள். அந்தப் பின்னல் தாங்கியதற்கும் தடயம் உண்டு: போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் தற்கொலை குறைந்திருந்ததை 1995இல் பதிவு செய்தவர்களிலும் அவர் ஒருவர். ஆக, தாங்கினோம் என்று பெருமை பேசும் தலைமுறை, தன்னைத் தாங்கிய வலையைப் பிள்ளைக்கு விட்டுவைத்ததா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். தாங்கினோம் என்பதும் முழு உண்மையன்று. வடகிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் கத்தானி குழுவினர் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், போர் அனுபவமும் தகப்பனின் குடியும் கூடக்கூட வீட்டில் பிள்ளைக்கு விழும் அடியும் கூடியது. தாங்கியதன் விலையை யார் கட்டினார்கள் என்பது அந்தக் கணக்கில் தெரிகிறது.

இன்றைய பிள்ளையின் நெருக்கீட்டைப் பாருங்கள். தரம் ஐந்துப் புலமைப்பரிசிலில் தொடங்குகிறது. விடியப்புறம் ரியூசன், பகலில் பாடசாலை, பின்னேரம் மறுபடி ரியூசன். சிறு வகுப்புகளுக்கு வெள்ளி மாலையும் ஞாயிறும் விடுதலை கொடுங்கள் என்று மாவட்ட நிர்வாகம் தலையிட வேண்டிய அளவுக்குப் போயிருக்கிறது இந்த ஓட்டம். உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நாலிலொரு பங்கினருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம். மாவட்டக் கோட்டாவும் இசட் புள்ளியும் சேர்ந்து, ஒரு பிள்ளையின் தோல்வியை அடுத்த கதிரையில் இருக்கும் நண்பியின் வெற்றியோடு முடிந்துவைத்திருக்கின்றன. எவரிடம் சாய்ந்து அழ வேண்டுமோ அவரே போட்டியாளர். பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 12/2016 இலக்கச் சுற்றறிக்கையே விட்டிருக்கிறது; பிரம்பு போன பாடில்லை. பெறுபேறு வந்த அன்றே 3ஏ எடுத்தவர்களின் முகம் சந்திக்குச் சந்தி பதாகையில் தொங்குகிறது. எடுக்காதவர் அந்தச் சந்தியால்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இவை ஒன்றையும் தொடாமல், இவற்றுக்குள் நின்றபடி மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்கிறோம். அதோடு குற்றமும் இடம் மாறுகிறது. பயிற்சி கொடுத்தாயிற்று, சான்றிதழும் கையில் இருக்கிறது. பிறகும் பிள்ளை உடைந்தால் அது பிள்ளையின் குறை. பதாகை கட்டியவர்களுக்கும் பிரம்பு பிடித்தவர்களுக்கும் பெரிய ஆறுதல்தான்.

சூழலை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த நாடே உலகுக்கு ஒரு சாட்சி. 1995இல் இலங்கையின் தற்கொலை விகிதம் இலட்சம் பேருக்கு 47 அளவில், உலகிலேயே மிக உயர்ந்த நிலைகளில் ஒன்றாக இருந்தது. அந்த ஆண்டிலிருந்து அரசு ஆபத்தான பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்தது; 2008 முதல் 2011 வரை இன்னும் மூன்றை நிறுத்தியது. இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் வீழ்ந்தது. இதனால் தப்பிய உயிர்கள் 93,000 என்று மதிப்பிட்டார்கள். தம்மைத் தாமே வருத்திக்கொள்ளும் முயற்சிகள் அதே அளவில் குறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சனத்தின் மனம் திடீரென்று திடமாகிவிடவில்லை. துயரத்தில் இருந்த மனிதருக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதை ஒரு சட்டம் மாற்றியது. அந்த நெருக்கடி மணித்தியாலத்தைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் வாழ்ந்தார்கள்.

சரி, ஆளில்லையே, என்ன செய்வது என்பது அடுத்த வாதம், வலுவான வாதமும்கூட. உளமருத்துவர் தொகை சொற்பம். பாடசாலையில் ஆலோசனைக்கென்று இருக்கும் ஆசிரியரின் தலையிலும் பாட நேரசூசி ஏற்றப்படுகிறது. தீவகத்துப் பிள்ளையோ மருதங்கேணிப் பிள்ளையோ தெல்லிப்பழை ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்கு வந்துபோவதற்கே ஒரு நாள் போய்விடும். இணையமாவது கிடைக்கட்டுமே என்கிறார்கள். ஒன்றுமில்லாததற்கு இது மேல் என்பது, தீங்கு இல்லை என்று உறுதியானால் மட்டுமே செல்லும். மேலே சொன்ன ஆய்வுகள் அந்த உறுதியைத் தரவில்லை. அதைவிடப் பெரிய கெடுதி, இது ஒன்றுமில்லாமையை மூடிமறைக்கிறது. 200 பிள்ளைகள் பயிற்சி பெற்றார்கள் என்று அறிக்கை போய்விட்டால், ஆலோசகர் ஒருவரைத் தாருங்கள் என்று கேட்கும் கடிதத்துக்கு என்ன வேலை? சுனாமிக்குப் பிறகு 2005இல் பறந்து வந்து இரண்டு நாள் பட்டறை நடத்திப் போனவர்களிடம் இந்தப் பாடத்தை நாம் படித்திருக்க வேண்டும். இன்னொரு வாதத்தை நான் ஏற்கிறேன். நேரில் சொல்ல வெட்கப்படுவதைப் பிள்ளை போனில் சொல்லும். பெண் பிள்ளைகளுக்கு இது பெரிய விடயம். தொலைபேசி ஒரு மனிதரிடம் போகும் பாதையாக இருக்கும்வரை எனக்கு ஆட்சேபமில்லை. 1926க்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்திலிருந்து ஓர் ஆள் பேசுவார். சிறுவர்களுக்கு 1929 இருக்கிறது. இந்த இரண்டு இலக்கங்களும் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் இருக்க வேண்டும். பாடசாலைப் பயிற்சி எல்லாமே வீண் என்றும் சொல்லவில்லை. ஐரோப்பாவில் பத்து நாடுகளின் 168 பாடசாலைகளில் நடந்து 2015இல் ‘லான்செற்’ இதழில் வந்த சோதனையில், ஒரு திட்டம் மாணவரின் தற்கொலை முயற்சிகளை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. அதில் பிள்ளைகள் வகுப்பறையில் ஒன்றாகக் கூடி, தங்கள் சிக்கல்களை நாடகமாக நடித்து, ஒருவரோடொருவர் பேசினார்கள். பலன் தந்ததும் பின்னலை இறுக்கியதுதான்.

ஆகவே அதிபர்மாருக்கும், வெளிநாட்டிலிருந்து உதவும் பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த சூம் இணைப்புக்கு ஒதுக்கும் காசில், ஆலோசனை ஆசிரியர் கதவை மூடிக்கொண்டு ஒரு பிள்ளையோடு இருந்து கதைக்க ஓர் அறை கட்டிக் கொடுங்கள். அவருடைய நேரசூசியில் பத்துப் பாடவேளைகளைக் குறையுங்கள். சந்தியில் தொங்கும் பதாகையைக் கழற்றுங்கள். அதற்குப் பிறகும் காசு மிஞ்சினால் பிள்ளைகளுக்கு ஒரு பந்து வாங்கிக் கொடுங்கள். வெள்ளி பின்னேரம் விளையாடட்டும்.