காளைக்குச் சட்டம் இருக்கிறது. கூண்டுக்குள் நிற்கும் மனிதனுக்கு?

புதுதில்லி: ஒரு காளை வாடிவாசலைத் தாண்டி வெளியே வர வேண்டுமானால், முதலில் கால்நடை மருத்துவர் அதைப் பரிசோதித்திருக்க வேண்டும். அதை அடக்க நிற்கும் இளைஞரும் பெயரைப் பதிவு செய்து, மருத்துவப் பரிசோதனையில் தேறியிருக்க வேண்டும். இரட்டைத் தடுப்பு வேண்டும், ஆம்புலன்ஸ் வேண்டும், மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். 2017-ஆம் ஆண்டு தமிழக சட்டப்பேரவை நிறைவேற்றிய திருத்தச் சட்டமும் அதன்கீழ் வகுக்கப்பட்ட விதிகளும் இவற்றைக் கட்டாயமாக்கின. அந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2023 மே 18-ஆம் தேதி தீர்ப்பளித்தது.

விதிகள் வந்த பிறகு ஜல்லிக்கட்டில் உயிரிழப்பே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் உயிர் போனால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பது எழுத்தில் இருக்கிறது.

இரண்டு மனிதர்களைக் கம்பிவலைக் கூண்டுக்குள் அனுப்பி, ஒருவரையொருவர் குத்தவும் உதைக்கவும் கழுத்தை நெரிக்கவும் அனுமதித்து, அதைப் பணத்துக்காக நடத்தித் தொலைக்காட்சியில் ஒளிபரப்புவதற்கு இப்படியொரு தனிச் சட்டத்தை நாடாளுமன்றம் இதுவரை இயற்றவில்லை. காளையின் உடல்நலம் பற்றி மூன்று மன்றங்களில் விவாதித்த நாடு, கூண்டுக்குள் நிற்கும் மனிதனின் மண்டையோட்டைப் பற்றி இன்னும் முறையாக விவாதிக்கவில்லை என்பதே உண்மை.

கலப்புத் தற்காப்புக் கலை, அதாவது எம்.எம்.ஏ. எனப்படும் இந்த விளையாட்டு இந்தியாவுக்கு நேற்று வந்ததல்ல. தொழிலதிபர் ராஜ் குந்த்ராவும் நடிகர் சஞ்சய் தத்தும் சேர்ந்து தொடங்கிய சூப்பர் ஃபைட் லீக், 2012 மார்ச் 11-ஆம் தேதி மும்பையில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. வெளிநாட்டு வீரர்கள், திரை நட்சத்திரங்கள், வாணவேடிக்கை என்று எல்லாம் இருந்தன. சில ஆண்டுகளில் ஆரவாரம் அடங்கியது. பின்னர் 2017-இல், பிரிட்டன் குத்துச்சண்டை வீரர் ஆமிர் கானும் தொழிலதிபர் பில் தோசாஞ்சும் முன்னின்று, ஐ.பி.எல். பாணியில் நகரங்கள், மாநிலங்களின் பெயரில் எட்டு அணிகளுடன் அதே லீக்கைத் தலைநகரின் சிரி கோட்டை வளாகத்தில் நடத்தினர், தொலைக்காட்சிகள் ஒளிபரப்பின. நடிகர் டைகர் ஷெராஃபின் குடும்பத்தினர் 2019-இல் மேட்ரிக்ஸ் ஃபைட் நைட் என்ற போட்டித் தொடரைத் தொடங்கினர்.

அந்தத் தொடரில் பட்டம் வென்ற பூஜா தோமர், உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்தவர். 2024 ஜூன் மாதம் அமெரிக்காவின் யு.எஃப்.சி. மேடையில் வெற்றி பெற்ற முதல் இந்தியர் என்ற பெருமையை அவர் பெற்றார். மல்யுத்தக் குடும்பத்திலிருந்து வந்த ரிது போகாட், 2019-இல் இத்துறைக்கு மாறினார். 2026-ஆம் ஆண்டு ஜப்பானின் ஐச்சி-நகோயா ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான பட்டியலிலும் இது சேர்க்கப்பட்டது. ஆகவே, இது சில பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் காலம் கடந்துவிட்டது.

இந்த விளையாட்டு தொலைக்காட்சிக்கு வந்த வழி இரு நாடுகளில் இரு விதமாக அமைந்தது. நாம் கவனிக்க வேண்டியது அந்த வேறுபாட்டைத்தான்.

அமெரிக்காவின் டென்வர் நகரில் 1993 நவம்பர் 12-ஆம் தேதி யு.எஃப்.சி.யின் முதல் நிகழ்ச்சி நடந்தபோது எடைப் பிரிவு கிடையாது. கடிப்பது, கண்ணைத் தோண்டுவது ஆகியவற்றைத் தவிர ஏறக்குறைய எல்லாம் செல்லும் என்பதே விளம்பரம். பணம் கட்டி வீட்டில் பார்க்கும் கேபிள் முறையில் அது விற்கப்பட்டது. குத்துச்சண்டையில் ஈடுபாடு கொண்டவரான செனட்டர் ஜான் மெக்கெய்னே அதை 'மனிதச் சேவல் சண்டை' என்று சாடி, 1996-இல் ஐம்பது மாநில ஆளுநர்களுக்கும் தடை கோரிக் கடிதம் எழுதினார். பல மாநிலங்கள் தடை விதித்தன. பெரிய கேபிள் நிறுவனங்கள் ஒளிபரப்பைக் கைவிட்டன. நிறுவனம் திவாலாகும் நிலைக்கு வந்து, 2001-இல் வெறும் 20 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

அதைக் காப்பாற்றியது அரசின் கட்டுப்பாடு. நியூஜெர்சி மாநிலத்தின் விளையாட்டுக் கட்டுப்பாட்டு வாரியம் 2000-ஆம் ஆண்டு போட்டிகளை அனுமதித்து, அடுத்த ஆண்டு பொது விதிமுறைகளுக்கு வடிவம் கொடுத்தது. எடைப் பிரிவு, கையுறை, சுற்றுகளுக்குக் கால அளவு, தடை செய்யப்பட்ட தாக்குதல்களின் பட்டியல், மேடையருகே மருத்துவர் என்று ஒழுங்கு வந்தது. தலையில் அடிபட்டு விழுந்தவர் குறிப்பிட்ட நாள்கள் வரை மீண்டும் களமிறங்க முடியாது என்ற நடைமுறையும் வந்தது. நடுவரை நியமிப்பதும் உரிமத்தைப் பறிப்பதும் போட்டி நடத்தும் நிறுவனத்தின் கையிலிருந்து அரசு அமைப்பின் கைக்குப் போயின.

அதன் பிறகுதான் தொலைக்காட்சியின் கதவு மீண்டும் திறந்தது. 2005 ஜனவரியில் ஸ்பைக் தொலைக்காட்சியில் வீரர்களை ஒரே வீட்டில் தங்கவைத்துப் போட்டியிடச் செய்யும் தொடர் தொடங்கியது. 2011-இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பியது, 2019-இல் ஈ.எஸ்.பி.என். வந்தது. 2025 ஆகஸ்டில் பாராமவுண்ட் நிறுவனம் ஏழு ஆண்டு உரிமைக்கு 770 கோடி டாலர் தர ஒப்பந்தம் செய்தது. தொலைக்காட்சிப் பணம் வேண்டுமானால் சட்டத்துக்குக் கட்டுப்பட்டாக வேண்டும் என்ற நிலையே அந்த நிறுவனத்தைத் திருத்தியது. பிரான்சும் நெடுங்காலம் மறுத்துவந்து, 2020-இல் குத்துச்சண்டைக் கூட்டமைப்பின் பொறுப்பில் அனுமதித்தது. பாரிசில் முதல் யு.எஃப்.சி. நிகழ்ச்சி நடந்தது 2022 செப்டம்பரில்தான்.

அங்கெல்லாம் சட்டம் முன்னே சென்றது; படக்கருவி பின்னே வந்தது. இங்கே வரிசை தலைகீழாக இருக்கிறது. தொலைக்காட்சி முதலில் வந்துவிட்டது. சட்டத்தை இன்னும் காணவில்லை.

இதற்குக் காரணம் அலட்சியம் மட்டும் அல்ல. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. ஒளிபரப்பு, மத்தியப் பட்டியலின் 31-ஆவது இனம். விளையாட்டும் கேளிக்கையும் மாநிலப் பட்டியலின் 33-ஆவது இனம். திரையில் தெரிவதை தில்லி கேட்கலாம். களத்தில் நடப்பதை மாநிலம் கேட்க வேண்டும். 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் உள்ள நிகழ்ச்சி நெறிமுறை, வன்முறையைத் தூண்டும் காட்சிகள் கூடாது என்கிறது. குழந்தைகள் மிகுதியாகப் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒவ்வாத நிகழ்ச்சிகள் கூடாது என்கிறது. பார்ப்பவரின் மனம் கெடாமல் இருக்க விதி உண்டு. அடிவாங்குபவரின் மூளை கெடாமல் இருக்க அதில் ஒரு வரியும் இல்லை.

நாடாளுமன்றக் குழுக்களிலும் இதே கதைதான். விளையாட்டு, கல்வி மற்றும் இளைஞர் நலன் சார்ந்த நிலைக்குழுவிடம் போகிறது. ஒளிபரப்பு, தகவல் தொடர்புக்கான நிலைக்குழுவிடம் போகிறது. இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே விழுந்த பொருளை எடுத்து மேசைமேல் வைப்பவர் யார்?

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறைத் தாண்டித் தமிழக எல்லையை ஒட்டி இருக்கிறது வட்டவடை. உருளைக்கிழங்கும் பூண்டும் விளையும் மலைக் கிராமம். தமிழ் பேசும் விவசாயக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் ஊர். அங்கிருந்து ஓர் இளைஞர் இத்துறைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பயிற்சி பெறுவது கோவையில், சண்டையிடுவது பெங்களூருவில், ஒப்பந்தம் செய்துகொள்வது மும்பை நிறுவனத்துடன், ஒளிபரப்பு உரிமம் தந்தது தில்லி. அவர் தலையில் அடிபட்டு விழுந்தால் எந்த அரசு பொறுப்பு? திருவனந்தபுரமா, சென்னையா, பெங்களூருவா, மும்பையா, தில்லியா? ஐந்து தலைநகரங்களைச் சுட்டலாம். ஒன்றையும் பிடிக்க முடியாது. இடைப்பட்ட காலத்தில் வட்டவடையில் இருக்கும் பெற்றோர் தோட்டத்தை அடகு வைத்து மருத்துவமனைக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

இது வெறும் கற்பனைப் பயம் என்று சொல்பவர்கள் 2022-ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் பெங்களூருவில் நடந்த மாநில அளவிலான கிக் பாக்சிங் போட்டியில் அடிபட்ட மைசூரு இளைஞர் உயிரிழந்தார். போதிய மருத்துவ ஏற்பாடு இல்லை என்று தந்தை புகார் கொடுத்தார். போலீசார் வழக்குப் பதிவு செய்தனர். அடுத்த மாதமே, சென்னையில் நடந்த தேசிய கிக் பாக்சிங் போட்டியில் தலையில் காயமுற்ற அருணாசலப் பிரதேச வீரர் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இறந்தார். கிக் பாக்சிங் வேறு, எம்.எம்.ஏ. வேறு என்பது சரிதான். ஆனால் தலையில் விழும் உதைக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஒரு மரணத்துக்குப் பின் காவல் நிலையத்தில் பதிவாகும் வழக்கு, மரணத்துக்கு முன் இருந்திருக்க வேண்டிய சட்டத்துக்கு ஈடாகாது.

அப்படியானால் தடை செய்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது எளிய பதில். சரியான பதில் அல்ல. தடை போட்டால் போட்டி நிற்காது, இடம் மாறும். நகரத்து அரங்கிலிருந்து புறநகர்க் கிடங்குக்குப் போகும். மேடையருகே இருக்கும் ஒரே மருத்துவரும் அங்கே இருக்க மாட்டார். மேலும், மல்யுத்தமும் குத்துச்சண்டையும் கற்று அரசு வேலை கிடைக்காத பிள்ளைகளுக்கு இது ஒரு பிழைப்பு. அந்த வழியை அடைக்கும் உரிமை, மாற்று வழி காட்டாதவர்களுக்கு இல்லை.

தனியார் நிறுவனமே தன்னைத் திருத்திக்கொள்ளும் என்று நம்புவதும் பேதைமை. அமெரிக்காவிலேயே, பணம் வீரர்களைத் தானாகச் சென்றடையவில்லை. போட்டிச் சந்தையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு ஊதியத்தைக் குறைத்தது என்று யு.எஃப்.சி. மீது வீரர்கள் 2014-இல் தொடுத்த வழக்கு பத்து ஆண்டுகளுக்கு மேல் இழுபட்டது. 37.5 கோடி டாலர் தரும் சமரசத்துக்கு 2025 பிப்ரவரியில்தான் நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. அங்கே வழக்கு நடத்த வலுவான சட்டம் இருந்தது. இங்கே கையொப்பமிடும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக்கூட ஓர் அமைப்பு இல்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு ஒரு வாய்ப்பு வந்தது. தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா 11-ஆம் தேதி மக்களவையிலும் 12-ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறியது. மக்களவையில் எதிர்க்கட்சிகளின் முழக்கத்துக்கு நடுவே அது நிறைவேறியது. தேசிய விளையாட்டு வாரியம், தீர்ப்பாயம், கூட்டமைப்புகளின் தேர்தல் ஆகியவையே அதன் உள்ளடக்கம். அடுத்த பத்து நாள்களுக்குள் பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகளுக்குத் தடை விதிக்கும் சட்டமும் நிறைவேறியது. கூட்டமைப்பின் நாற்காலியைக் காக்க ஒரு சட்டம். குடும்பத்தின் பணத்தைக் காக்க ஒரு சட்டம். இரண்டும் தேவையானவையே. பணத்துக்காகத் தன் உடலையே பணயம் வைப்பவரைக் காக்கும் மூன்றாவது சட்டம் பற்றி அந்தக் கூட்டத்தொடரில் அரசு எதுவும் கொண்டுவரவில்லை.

வழி இல்லாமல் இல்லை. அரசியல் சட்டத்தின் 252-ஆவது பிரிவு, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநில சட்டப்பேரவைகள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டுக்கொண்டால், மாநிலப் பட்டியலில் உள்ள பொருள் பற்றியும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டமும் 2010-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டமும் இந்த வழியில் வந்தவைதாம். மாநிலத்தின் உரிமை பறிபோகும் என்ற அச்சத்துக்கும் இதில் இடமில்லை, கேட்பதே மாநிலம்தான்.

அந்தச் சட்டத்தில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. போட்டிக்கு முன்னும் பின்னும் மருத்துவப் பரிசோதனை. நிறுவனத்தின் செலவில் காப்பீடு. நிறுவனத்தைச் சாராத நடுவரும் மருத்துவரும். தலையில் அடிபட்டவருக்குக் கட்டாய ஓய்வு. அந்த ஓய்வு எல்லா மாநிலங்களிலும் செல்லுபடியாகும்படி ஒரே பதிவேடு. ஒப்பந்தத்தைச் சரிபார்க்க ஓர் அமைப்பு. இவற்றுடன் மத்திய அரசு தன் அதிகாரத்துக்குள் ஒன்றைச் செய்தால் போதும்: இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு உரிமம் பெறாத எந்தக் கூண்டுச் சண்டையையும் எந்தத் தொலைக்காட்சியும் இணையத் தளமும் ஒளிபரப்பக் கூடாது என்று விதி செய்ய வேண்டும். ஒளிபரப்பு இல்லையேல் விளம்பரம் இல்லை. விளம்பரம் இல்லையேல் போட்டி இல்லை. நியூஜெர்சியின் விதிமுறைக்கு நிறுவனம் பணிந்ததும் இந்தக் கணக்கினால்தான்.

இரண்டு சட்டப்பேரவைகள் போதும் என்கிறது அரசியல் சட்டம். ஜல்லிக்கட்டுக்கு விதி வகுத்த அனுபவம் தமிழகத்துக்கு உண்டு. களரிப் பயிற்றைப் பேணி வளர்த்த மரபு கேரளத்துக்கு உண்டு. முல்லைப் பெரியாறு போன்ற பிரச்சினைகளில் எதிரெதிரே நிற்கும் இரு மாநிலங்களும் இந்த ஒரு பொருளில் ஒரே வாசகத்தில் தீர்மானம் நிறைவேற்றி தில்லிக்கு அனுப்பலாம். வட்டவடையிலிருந்தோ தேனியிலிருந்தோ ஒரு பிள்ளை கூண்டுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன் அது நடக்க வேண்டும்.