பூட்டு திறக்கவில்லை என்றால் கதவைக் கழற்றுவதா?

ஒரு கணினியில் இருக்கும் கோப்பை இன்னொரு கணினியிலிருந்து திறப்பது இன்று பெரிய வித்தை இல்லை. அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம் போன்ற ஊரிலும், இரண்டு கணினியும் ஒரு பிரிண்டரும் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு 'ஷேர்' ஃபோல்டர் தேவைப்படும். ஒன்றில் ஸ்கேன் செய்து இன்னொன்றில் பிரிண்ட் எடுக்கலாம். உரக்கடை என்றால் டேலி கணக்கு அந்த ஃபோல்டரில் இருக்கும். எல்லாம் நன்றாகத்தான் ஓடும். திடீரென்று ஒருநாள் காலையில் "யூசர் நேம் அல்லது பாஸ்வேர்டு தவறு" என்று திரையில் வந்து நிற்கும்.

அப்புறம் என்ன நடக்கும்? அரியலூரிலிருந்தோ ஜெயங்கொண்டத்திலிருந்தோ சர்வீஸ் செய்பவர் வருவார். பாஸ்வேர்டு கேட்கும் அமைப்பை அணைப்பார். 'எவ்ரிஒன்' என்ற பெயருக்கு முழு அனுமதி கொடுப்பார். ஃபயர்வாலையும் நிறுத்திவிடுவார். பத்து நிமிடத்தில் ஃபோல்டர் திறந்துவிடும், கடைக்காரருக்கும் சந்தோஷம். ஆனால் இது பழுது பார்த்ததாகுமா? பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றி வைத்த கதைதான் இது!

அந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று யோசித்தால் விபரீதம் புரியும். ஊர்க்காரர்களின் ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், பட்டா, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் அங்கேதான் கிடக்கும். அதே கடையின் வைஃபை பாஸ்வேர்டு வாடிக்கையாளர்களுக்கும் தெரியும் என்றால், அந்தக் காகிதங்கள் எல்லாம் தெருவில் கிடப்பதாகத்தான் அர்த்தம்.

கோப்புப் பகிர்வின் ஓட்டை எவ்வளவு தூரம் போகும் என்பதை உலகம் 2017 மே 12 அன்று பார்த்தது. வான்னாக்ரை என்ற நிரல், விண்டோஸின் பழைய பகிர்வு முறையான எஸ்.எம்.பி. முதல் பதிப்பில் இருந்த பிழை வழியாக, பாஸ்வேர்டே இல்லாமல் கணினிக்குக் கணினி தாவியது. கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் திணறின. நம் பக்கத்தில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும், சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள ரெனோ நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டன. இத்தனைக்கும் அந்தப் பிழைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இன்றைக்கும் பழைய ஸ்கேனர் ஒன்று வேலை செய்யவேண்டும் என்பதற்காக அந்த முதல் பதிப்பை மீண்டும் உயிர்ப்பிக்கிறவர்கள் உண்டு.

சரி, முறையாகப் பழுது பார்ப்பது அவ்வளவு கஷ்டமா? இல்லை. மூன்று கேள்விகளைப் பிரித்துக் கேட்டால் போதும். அந்தக் கணினி கண்ணுக்குத் தெரிகிறதா? நாம் யார் என்பதை அது ஒப்புக்கொள்கிறதா? ஒப்புக்கொண்ட பின் அனுமதி இருக்கிறதா? கமாண்ட் பிராம்ப்டில் 'நெட் யூஸ்' கட்டளை கொடுத்துப் பார்த்தால் விண்டோஸே பதில் சொல்லும். பிழை எண் 53 என்றால் பாதையே கிடைக்கவில்லை. கேபிள், கணினியின் பெயர், ஃபயர்வால் இவற்றைப் பார்க்கவேண்டும். 1326 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ ஒத்துப்போகவில்லை. 5 என்றால் அனுமதி இல்லை. 53 வரும்போது பாஸ்வேர்டை மாற்றுவது, வயிற்று வலிக்குக் கண் சொட்டுமருந்து விடுவது போலத்தான்.

1326 வருவதற்கும் மாயமான காரணங்கள் எதுவும் இல்லை. விண்டோஸைத் திறக்கப் பயன்படுத்தும் நான்கு இலக்க பின் எண் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது, நெட்வொர்க்கில் செல்லாது. பாஸ்வேர்டே வைக்காத கணக்கை விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே நெட்வொர்க் வழியாக உள்ளே விடுவதில்லை. கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பாஸ்வேர்டு ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே கதிதான். எதிரே இருப்பது லினக்ஸ் என்றால், சாம்பாவுக்கென்று தனி பாஸ்வேர்டு பதியவேண்டும். லினக்ஸ் கணக்கின் பாஸ்வேர்டு தானாக அங்கே போய்ச் சேராது. இவற்றில் எதற்காவது 'எவ்ரிஒன்' மருந்தாகுமா?

2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்குப் பிறகு இந்தத் தொல்லை கூடியது உண்மைதான். அதன் புரோ பதிப்பு, கையொப்பமிட்ட இணைப்பை மட்டுமே ஏற்கும். பெயர் சொல்லாமல் வரும் 'கெஸ்ட்' முறையை மறுக்கும். நேற்று வரை திறந்த பகிர்வு இன்று திறக்காது. உடனே அந்தப் பாதுகாப்பை அணைக்கும் வழியைத் தேடி ஓடுகிறார்கள். எதிர்ப்பக்கச் சாதனத்தில் ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும் விஷயம் இது!

கல்லூரி ஆய்வகங்கள் மட்டும் என்ன வாழ்கிறது? லினக்ஸ் கணினிகளுக்கு இடையே என்.எஃப்.எஸ். பகிர்வு வைப்பார்கள். அதன் வழக்கமான முறையில், "என் பயனர் எண் 1001" என்று கணினி சொன்னால் சர்வர் அப்படியே நம்பிவிடும். சொந்த லேப்டாப்பை இணைத்து அதே எண்ணில் ஒரு கணக்கு உருவாக்க முடிந்த மாணவன், அடுத்தவனின் ப்ராஜெக்டைப் படிக்கலாம், அழிக்கவும் செய்யலாம். இதற்கு மாற்றுதான் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1980களில் உருவான கெர்பரோஸ். இதில் பாஸ்வேர்டு நெட்வொர்க்கில் பயணம் செய்யாது. குறிப்பிட்ட நேரம் வரை மட்டுமே செல்லும் சீட்டுதான் பயணம் செய்யும். அதனால்தான் கணினிகளின் கடிகாரங்கள் வழக்கமாக ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் அது மறுத்துவிடும். மதர்போர்டில் உள்ள சிறு பேட்டரி தீர்ந்து, மின்வெட்டுக்குப் பின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போன கணினியில் "கெர்பரோஸ் சரியில்லை" என்று திட்டுவதில் பயன் இல்லை. பேட்டரியை மாற்றி நேரத்தைச் சரிசெய்தால் முடிந்தது.

"வரிசையில் ஆள் நிற்கும்போது இதையெல்லாம் பார்க்க முடியுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சர்வீஸ் செய்பவர் சோம்பேறியும் இல்லை. ஃபோல்டர் திறந்ததா என்று பார்த்துத்தான் அவருக்குக் கூலி கிடைக்கிறது. அது யாருக்கெல்லாம் திறக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அவசரத்துக்கு ஒரு பென் டிரைவில் கோப்பை எடுத்து வேலையை முடிக்கலாம். மாலையில் கடை ஓய்ந்த பிறகு, பகிர்வுக்கென்று தனியாக ஒரு கணக்கு, அதற்கு ஒரு நல்ல பாஸ்வேர்டு, அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி, வாடிக்கையாளருக்கு வேறு வைஃபை என்று செய்துவிடலாம். ஒரு மணி நேர வேலைகூட இல்லை.

மறுக்கிற கணினி கெட்டுப்போன கணினி அல்ல. யாரென்று தெரியாதவரை வாசலில் நிறுத்திக் கேட்கும் காவல்காரர் தன் வேலையைச் செய்கிறார். அவரிடம் சரியான அடையாளத்தைக் காட்டப் பழகவேண்டுமே தவிர, அவரை வேலையை விட்டு அனுப்பிவிடக் கூடாது. ஏனென்றால் உள்ளே இருப்பது கடைக்காரரின் சொத்து மட்டும் இல்லை, ஊரில் பாதிப் பேரின் காகிதங்களும் அங்கேதான் இருக்கின்றன.