ரெண்டு நிமிஷ வேலை

போன மாதம் சமையலறைக் குழாய் ஒழுகிற்று. பிளம்பர் வந்தார், வாஷர் ஒன்றை மாற்றினார், 300 ரூபாய் கேட்டார். பேரம் பேச வாயெடுத்தேன். மகனுடைய பெரியப்பா, "வந்து போற செலவு இருக்குல்லா, குடுத்து அனுப்பு" என்று பரிந்து பேசினார்.

அதே பெரியப்பா மறுநாள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஏல, ஹேங் ஆவுது, ரெண்டு நிமிஷ வேலைதான்." பிளஸ் ஒன் படிக்கிற என் மகன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, மூன்று வருஷக் காலை வணக்கப் படங்களை அள்ளிக் கொட்டினான். கூலி, "கெட்டிக்காரன்டே!"

தபால் ஆபீசில் ஓய்வு பெற்ற அத்தைக்கு நவம்பர் வந்தால் உயிர்வாழ் சான்று பதிய வேண்டும். போனில் முகத்தைக் காட்டி, கண்ணைச் சிமிட்ட வேண்டும். சிமிட்டச் சொன்னால் அத்தை சாமி கும்பிடுகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒரு தட்டு சீடையோடு அந்தக் கணக்கும் தீர்ந்தது. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இன்ஜினீயரிங் கலந்தாய்வு விண்ணப்பம், மாமா கடைக்கு தீபாவளி போஸ்டர், சித்தி மகள் கல்யாணத்துக்கு வாட்ஸ்அப் அழைப்பு வீடியோ, எல்லாம் இவன் தலையில். அந்தக் கல்யாணத்தில் ட்ரோன் பறக்கவிட்டவருக்கு மட்டும் கவரில் பணம். பிரவுசிங் சென்டரில் ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்கக்கூடச் சில்லறை எண்ணிக் கொடுக்கிற ஜனம்தான் இது.

சரி, வெளியே சம்பாதிக்கட்டும் என்று பார்த்தால் போகிற இடமெல்லாம் 18 வயது கேட்கிறார்கள். மைனர் போடுகிற ஒப்பந்தம் செல்லாது. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் இன்னும் காவல் நிற்கிறது. செயலி செய்து பிளே ஸ்டோரில் ஏற்றலாமென்றால் அதற்கும் 18 ஆக வேண்டும், பதிவுக் கட்டணம் 25 டாலர். யூடியூபில் விளம்பரப் பங்கு வர 1,000 சந்தாதாரர், நீள வீடியோ என்றால் ஒரு வருஷத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வை. பணம் வருகிற கணக்கைப் பெற்றோர் மூலம்தான் திறக்க வேண்டும். 100 டாலர் சேரும்வரை அதுவும் கைக்கு வராது. இவன் சேனலில் 212 பேர். அதில் பாதி நம் சொந்தக்காரர்கள்; ஒருத்தர்கூட முழு வீடியோ பார்ப்பதில்லை.

வயதே கேட்காமல் வேலை தருகிறவன் மோசடிக்காரன் ஒருவன்தான். "வீடியோவுக்கு லைக் போடு, 150 ரூபாய்" என்று டெலிகிராமில் வந்தான். முதலில் கொடுப்பான், பிறகு முன்பணம் கேட்பான். இவன் நல்லவேளை சிரித்துவிட்டு பிளாக் செய்தான். அதை எப்படிக் கண்டுபிடித்தான் என்று தெருவில் நாலு பேருக்கு விளக்கினான். அதுவும் இலவசம்.

பழி என் மேலும் உண்டு. யாராவது கேட்டால், "அவன் சும்மாதான இருக்கான், அனுப்புதேன்" என்று சொல்வது நான்தான். பணம் கேட்டால் உறவு என்ன நினைக்கும் என்கிற கூச்சம் எனக்கு. அதற்கு உழைப்பு அவனுடையது.

போன ஞாயிற்றுக்கிழமை வாசல் கதவில் ஒரு தாள் ஒட்டினான். போன் சுத்தம் 50, விண்ணப்பம் 100, போஸ்டர் 200. கிழிக்கலாமா என்று நான் தயங்கிக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா வந்துவிட்டார். படித்தார், விழுந்து விழுந்து சிரித்தார், போட்டோ எடுத்தார். பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்: "ஏல, இத ஸ்டேட்டஸ்ல எப்படி வைக்கது? கொஞ்சம் வச்சுக் குடுத்துட்டுப் போ."