வேலை கொடுப்பவனை மறந்த வேலைவாய்ப்புத் திட்டங்கள்!



பட்டப்படிப்பு முடித்த உங்கள் மகன் இரண்டு வருடமாக வேலை தேடி அலைகிறான். போடாத விண்ணப்பம் இல்லை. எழுதாத தேர்வு இல்லை. வீட்டில் சும்மா இருக்க வெட்கப்பட்டு உங்கள் கடைக்கு வந்து உட்காருகிறான். நீங்கள் தொழப் போகும் நேரத்திலும், சரக்கு எடுக்க வெளியூர் போகும் நாளிலும் கல்லாவைப் பார்த்துக் கொள்கிறான். சம்பளம் என்று ஒரு ரூபாய் கிடையாது.

அவனுக்கு வேலை இருக்கிறதா, இல்லையா?

'இல்லை' என்பீர்கள் நீங்கள். அவனும் அதைத்தான் சொல்வான். பெண் கேட்டுப் போன வீட்டிலும் அதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஆனால் மத்திய அரசைக் கேட்டுப் பாருங்கள். 'இருக்கிறது' என்று சொல்லும்! குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவி செய்பவரும் வேலையில் இருப்பவர்தான் என்பது அரசின் கணக்கு. வருடத்தில் 30 நாள் அப்படி உட்கார்ந்திருந்தாலே போதும், வேலையில்லாதோர் பட்டியலில் அவன் பெயர் வராது.

'நாட்டில் வேலையின்மை வெறும் 3.2 சதவீதம்தான்' என்று 2023-24ஆம் ஆண்டுக் கணக்கைக் காட்டி ஆட்சியாளர்கள் மார்தட்டினார்களே, அந்தக் கணக்கில் உங்கள் மகன் வேலையில் இருப்பவன்!

கணக்கில் நடந்த கண்கட்டு வித்தை

இதே மத்திய அரசின் கணக்கெடுப்பு 2017-18இல் வேலையின்மை 6.1 சதவீதம் என்று சொன்னது. 45 ஆண்டுகளில் இல்லாத அளவு அது. அந்த அறிக்கையை அரசு உடனே வெளியிட்டதா? இல்லை! முடக்கி வைத்தது. அதைக் கண்டித்துத் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் இரண்டு உறுப்பினர்கள் 2019 ஜனவரியில் பதவி விலகினார்கள். தேர்தல் முடிந்து, 2019 மே 30 அன்று அமைச்சரவை பதவியேற்று, அதற்கு மறுநாள்தான் அறிக்கை வெளியே வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, பந்தி முடிந்த பிறகு எடுத்துக் காட்டினார்கள்.

சரி, 6.1 எப்படி 3.2 ஆனது? எந்த மாதிரி வேலை கூடியது என்று பாருங்கள். 2017-18இல் உழைப்பவர்களில் 52.2 சதவீதம் பேர் சுயதொழிலில் இருந்தார்கள். 2023-24இல் அது 58.4 சதவீதமாக உயர்ந்தது. மாதச் சம்பள வேலையில் இருந்தவர்களோ 22.8 சதவீதத்திலிருந்து 21.7 ஆகக் குறைந்தார்கள். விவசாயத்தை நம்பியிருப்போர் 44.1 சதவீதத்திலிருந்து 46.1 ஆகக் கூடினார்கள்.

ஒரு நாடு வளர்கிறது என்றால் என்ன பொருள்? வயலில் மிஞ்சி நிற்கும் கைகளுக்குத் தொழிற்சாலையிலும் கடைவீதியிலும் கூலி கிடைக்கிறது என்று பொருள். இங்கே பட்டணத்திலிருந்து கைகள் வயலுக்குத் திரும்புகின்றன! இதற்குப் பெயர் வளர்ச்சியா?

படித்தவன் கதை இன்னும் மோசம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையைப் பாருங்கள். 2022இல் வேலையில்லாமல் இருந்தவர்களில் 83 சதவீதம் பேர் இளைஞர்கள். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் வேலையில்லாதவர் 3.4 சதவீதம். பட்டதாரிகளிலோ 29.1 சதவீதம்! 'படி, படி' என்று சொல்லிப் படிக்க வைத்த தகப்பனின் முகத்தில் இதைவிடப் பெரிய அறை வேறு என்ன இருக்க முடியும்?

வேலை கொடுப்பது யார்?

இந்த நாட்டில் விவசாயத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேருக்குச் சோறு போடுவது அதானியா, அம்பானியா? இல்லவே இல்லை. மளிகைக் கடையும், தையல் கடையும், பட்டறையும், தள்ளுவண்டியும், ஆம்பூர், வாணியம்பாடித் தெருக்களில் செருப்புக்கு மேல்தோல் தைத்துக் கொடுக்கும் சின்னக் கூடங்களும்தான்!

இந்த அமைப்புசாராச் சிறு நிறுவனங்களில் 2015-16இல் 11 கோடியே 13 லட்சம் பேர் வேலை செய்தார்கள். 2022-23இல் அது 10 கோடியே 96 லட்சம். ஏழு ஆண்டுகளில் எத்தனை கோடிப் பிள்ளைகள் படித்து முடித்து வெளியே வந்தார்கள்! அவர்களுக்குக் கூடுதலாக இடம் கிடைக்காதது மட்டுமல்ல, இருந்த இடமும் குறைந்தது.

இது தானாக நடந்ததா? நடத்தப்பட்டது!

தீப்பெட்டி, பட்டாசு, ஊதுபத்தி, ஊறுகாய், பாத்திரம், நோட்டுப் புத்தகம் போன்றவற்றைச் சிறுதொழில்கள் மட்டுமே தயாரிக்கலாம் என்று ஒரு ஒதுக்கீடு 1967 முதல் இருந்தது. அதில் மிச்சமிருந்த கடைசி 20 பொருட்களையும் 2015 ஏப்ரலில் திறந்துவிட்டார்கள். அந்த ஒதுக்கீடு சிறுதொழிலை வளரவிடாமல் சிறியதாகவே வைத்திருந்தது என்று காரணம் சொன்னார்கள். இருக்கட்டும். பிடுங்கிய கையால் அதற்குப் பதிலாக எதைக் கொடுத்தார்கள்?

2016 நவம்பர் 8 இரவு, புழக்கத்தில் இருந்த பணத்தில் 86 சதவீதத்தைச் செல்லாது என்றார்கள். ரொக்கத்தில் சரக்கு வாங்கி ரொக்கத்தில் கூலி கொடுப்பவன் மறுநாள் காலையில் என்ன செய்வான்? ஆளை நிறுத்தினான். கறுப்புப் பணம் ஒழியும் என்றார்கள். 99.3 சதவீத நோட்டுகள் திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கியே பின்னால் அறிவித்தது. ஒழிந்தது கறுப்புப் பணம் அல்ல. கடைப் பையனின் வேலை.

அந்தக் காயம் ஆறுவதற்குள் 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தது. அதுவரை ஒன்றரைக் கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள பட்டறைக்குக் கலால் வரி கிடையாது. ஜி.எஸ்.டி. அந்த வரம்பை 20 லட்சத்துக்கு இறக்கியது. பிறகு 2019இல்தான் சரக்கு விற்போருக்கு 40 லட்சமாக உயர்த்தினார்கள். காம்போசிஷனில் இருக்கும் சிறியவனிடம் வாங்கினால் இன்புட் கிரெடிட் கிடைக்காது என்பதால் பெரிய கம்பெனிகள் அவனை ஒதுக்கின. கடைசியில் 2020 மார்ச்சில், நான்கு மணி நேர அவகாசத்தில் நாடே அடைக்கப்பட்டது. விழுந்தவன் மேல் மாடு மிதித்தது.

2023-24இல் இந்த எண்ணிக்கை 12 கோடியே 6 லட்சமாக உயர்ந்துவிட்டது என்கிறது அரசு. மகிழ்ச்சி. ஆனால் அது 7 கோடியே 34 லட்சம் நிறுவனங்களில் உழைப்பவர்களின் எண்ணிக்கை. வகுத்துப் பாருங்கள். ஒரு கடைக்கு இரண்டு பேர்கூட இல்லை. பெரும்பாலானவற்றில் முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே!

யாருக்குப் பந்தி? யாருக்கு எச்சில் இலை?

2020 முதல் 14 துறைகளில் உற்பத்தி செய்யும் நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகை என்று 1.97 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். குஜராத்தின் சாணந்தில் மைக்ரான் என்ற அமெரிக்கக் கம்பெனி சிப் தொழிற்சாலை அமைக்க, திட்டச் செலவில் பாதியை மத்திய அரசும் ஐந்தில் ஒரு பங்கை மாநில அரசும் ஏற்பதாக அறிவித்தன. நேரடி வேலை எத்தனை பேருக்கு? 5,000 பேருக்கு! ஒரு வேலைக்கு ஏறத்தாழ 3.2 கோடி ரூபாய் மானியம். இது நம் கற்பனையல்ல. மத்திய அமைச்சர் குமாரசாமியே 2024 ஜூனில் இந்தக் கணக்கைப் போட்டுக் கேள்வி எழுப்பினார். மறுநாளே விளக்கம் சொல்லிச் சமாளித்தார் என்பது வேறு கதை.

அந்த 3.2 கோடியை 50 ஆயிரம் ரூபாய் முத்ரா கடனாகப் பிரித்தால் 640 பேருக்குக் கொடுக்கலாம். முத்ராவாவது திருப்பிக் கட்ட வேண்டிய கடன். கம்பெனிக்குப் போவது திரும்பி வராத மானியம்!

2025 ஜூலையில் இன்னொரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். 99,446 கோடி ரூபாய், இரண்டு ஆண்டில் மூன்றரைக் கோடி வேலை! புதிதாக ஆள் எடுக்கும் முதலாளிக்கு ஓர் ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வரை கிடைக்கும். நல்ல திட்டம்தானே என்கிறீர்களா? நிபந்தனையைப் படியுங்கள். பி.எஃப். பதிவு உள்ள நிறுவனமாக இருக்க வேண்டும். 50 பேருக்குக் குறைவாக இருந்தால் கூடுதலாகக் குறைந்தது இரண்டு பேரை எடுக்க வேண்டும். 20 பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் பி.எஃப். கட்டாயம். சிறிய கடையும் விரும்பினால் சேரலாம்தான். ஆனால் இரண்டு பேர்கூட இல்லாத கடை ஒரே மூச்சில் இன்னும் இரண்டு பேரை எடுக்குமா? எடுக்காது என்று தெரிந்தே வாசலை இத்தனை உயரத்தில் வைத்திருக்கிறார்கள்.

வியாபாரிகளே! 2021 ஜூலையில் உங்களையும் குறு, சிறு தொழில் பட்டியலில் சேர்த்ததாகப் பெருமையாக அறிவித்தார்களே, என்ன கொடுத்தார்கள் தெரியுமா? வங்கியின் முன்னுரிமைக் கடன் வகை மட்டும். சரக்கு கொடுத்த பாக்கியை 45 நாளுக்குள் சட்டப்படி வசூலிக்கும் உரிமை, பட்டறைக்காரருக்கு உண்டு, உங்களுக்குக் கிடையாது!

முஸ்லிம் உழைப்பாளர்களில் 61 சதவீதம் பேர் சுயதொழிலில் இருக்கிறார்கள் என்று 2006இல் சச்சார் குழு எழுதியது. ஆகவே சிறுதொழிலின் மேல் விழும் ஒவ்வொரு அடியும் நம் மேல் கொஞ்சம் கூடுதலாகவே விழுகிறது. ஆனால் இதை நம் பிரச்சினை என்று மட்டும் பேசினால் ஏமாந்து போவோம். பக்கத்துக் கடை நாடாருக்கும், எதிர்க்கடை செட்டியாருக்கும் விழுந்தது இதே அடிதான்.

நம் முதுகையும் பார்ப்போம்

அரசை மட்டும் குறை சொல்லிவிட்டு எழுந்து போனால் அது நேர்மையாகாது. நம் கடையில் வேலை செய்யும் பையனுக்கு என்ன செய்கிறோம்? காலை ஒன்பது மணிக்கு வந்தவன் இரவு பத்து மணிக்குப் போகிறான். வார விடுமுறை உண்டா? வேலை செய்ததற்கு ஒரு துண்டுச் சீட்டு உண்டா? கடை ஊழியர் உட்கார ஒரு நாற்காலி கொடுங்கள் என்று 2021இல் தமிழ்நாடு சட்டமே போட வேண்டியிருந்தது! வெட்கமாக இல்லையா நமக்கு? ஆளைக் கணக்கில் காட்டாமல் வைத்திருக்கும் நாம், அரசு நம்மைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று எந்த வாயால் கேட்பது?

இளைஞர்களே! விசா வரும், இல்லாவிட்டால் அரசாங்க வேலை வரும் என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தது போதும். ஊரில் எத்தனை கடைகளுக்கு உத்யம் பதிவு இல்லை? எத்தனை பேர் ஜி.எஸ்.டி. கணக்குக்கு அடுத்தவரைத் தேடி அலைகிறார்கள்? பத்துப் பேர் கூடி, வாரம் ஒரு நாள் கடைவீதியில் ஒரு மேசை போட்டு உட்காருங்கள். வேலையில்லாத பட்டதாரிக்கு அதுவே முதல் வேலையாகவும் அமையலாம்.

என்ன கேட்க வேண்டும்?

வேலை பெறும் உரிமைக்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 41ஆவது பிரிவு சொல்கிறது. 2025 அக்டோபரில் தேசியத் தொழிலாளர் வேலைவாய்ப்புக் கொள்கை என்று ஒரு வரைவையும் வெளியிட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஓட்டுக் கேட்டு எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் இந்த நான்கையும் அவர் முன்னால் வையுங்கள்:

1. மானியம் வாங்கும் ஒவ்வொரு கம்பெனியும் எத்தனை பேருக்கு வேலை கொடுத்தது, ஒரு வேலைக்கு எத்தனை ரூபாய் செலவானது என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

2. வேலைவாய்ப்பு ஊக்கத்தொகை, ஒரே ஒரு ஆளைக் கூடுதலாக எடுக்கும் சிறு கடைக்கும் கிடைக்க வேண்டும். உத்யம் பதிவே அதற்குப் போதுமானதாக இருக்க வேண்டும்.

3. 45 நாள் பாக்கி வசூல் உரிமை வியாபாரிகளுக்கும் வேண்டும்.

4. சம்பளமில்லாமல் குடும்பத் தொழிலில் உதவுவோரின் எண்ணிக்கையை, வேலையின்மை விகிதத்தை அறிவிக்கும் அதே வரியில் அறிவிக்க வேண்டும்.

இதில் எதுவும் சலுகையல்ல, பிச்சையுமல்ல. 12 கோடிப் பேருக்குச் சோறு போடுபவன் கேட்கும் நியாயம்!

இன்று இரவு கடை அடைக்கும்போது உங்கள் மகனைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். அரசாங்கம் அவனுக்கு வேலை கொடுத்துவிட்டதாக எழுதி வைத்திருக்கிறது. அது பொய் என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். நீங்களே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்?