மாமா சொன்ன ஆயில்

மணப்பட்டில் சவுக்குத் தோப்பு ஓரமாக மாலையில் நடக்கப் போகிற எங்கள் கூட்டத்தில் நான்தான் வண்டி வைத்தியர். அரசுப் பணிமனை ஒன்றில் 31 வருடம் வேலை பார்த்து, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். ஜீப், அம்பாசடர், லாரி எதுவானாலும் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவேன் என்று ஒரு பெயர். அந்தப் பெயரை நம்பி என் பேச்சைக் கேட்ட அக்கா மகனுக்கு ஏற்பட்ட செலவைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். பழைய சொகுசு வண்டி வாங்குகிற ஆசை நம் பிள்ளைகளிடம் பெருகிவருகிறது. அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு எழுதாமல் இருப்பது நியாயமில்லை.

அவன் பாகூரில் இருக்கிறான். பண்ருட்டிப் பக்கம் முந்திரி வியாபாரம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜெர்மன் சொகுசு வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். பெரிய டீசல் எஸ்யூவி, 2016ல் தில்லியில் பதிவானது. புது விலையில் கால் பங்குகூட அவன் கொடுக்கவில்லை. இவ்வளவு மலிவு எப்படி என்று கேட்டேன். காரணம் எளிது. தில்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று 2015ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது, 2018ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால் ஏழெட்டு வயதான நல்ல வண்டிகளைக்கூட அங்கே அப்போது வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, பதிவை மாற்றிக்கொண்டால் நம்முடையது.

"மாமா, ஆயில் மாத்தணும். என்ன ஊத்தலாம்?" என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. "நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டி ஆயில்தாண்டா தாங்கும். பழைய இன்ஜின் வேற. 15டபிள்யூ-40 ஊத்து. லாரிக்கே அதுதான், இதுக்கென்ன?" என்றேன். "நீங்க சொன்னா சரி மாமா" என்று போய்விட்டான்.

பதினாலு மாதம் வண்டி நன்றாகத்தான் ஓடியது. பிறகு டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி இழுக்க மறுத்தது, வேகம் ஏறவில்லை. சென்னையில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம், நானும் கூடப் போனேன். புகைக்குழாயில் உள்ள டீசல் துகள் வடிகட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். அந்த மெக்கானிக்குக்கு என் பேரன் வயதுதான் இருக்கும். ஆயிலை எடுத்துப் பார்த்துவிட்டு, பில்லையும் பார்த்தார். "சார், இந்த வண்டிக்கு யாரு இந்த ஆயில ஊத்தச் சொன்னது?" என்று கேட்டார்.

அக்கா மகன் என் பக்கம் திரும்பவே இல்லை. "கடையில கொடுத்தாங்கங்க" என்றான்.

நானும் அப்போது வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போது மரக்காணம் தாண்டித்தான் எனக்குப் பேச்சே வந்தது. வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் பண்ணிப் போட்டதில் 52 ஆயிரம் ரூபாய் ஆகியிருந்தது. புதிதாகப் போட வேண்டியிருந்தால் லட்சக்கணக்கில் போயிருக்கும்.

ஆயில் மட்டும் காரணமில்லை என்று அந்தப் பிள்ளை நியாயமாகச் சொன்னார். வண்டியின் வயது ஒன்று, பாகூருக்கும் கிருமாம்பாக்கத்துக்கும் குட்டிக் குட்டியாக ஓட்டியது ஒன்று, ஆயில் ஒன்று, மூன்றும் சேர்ந்துதான் அடைத்தது என்றார். ஆனால் அந்த மூன்றில் ஒன்று என் வாயிலிருந்து வந்தது. வீட்டுக்கு வந்து, வண்டியின் கைப்புத்தகத்தை முதல் தடவையாகப் பிரித்து உட்கார்ந்தேன். இரண்டு இடத்தில் நான் தவறியிருந்தேன்.

முதல் தவறு வெயில் கணக்கு. ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30 என்று இருந்தால், டபிள்யூ என்பது விண்டர், அதாவது குளிர்காலம். 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரியிலும், 15டபிள்யூ என்றால் மைனஸ் 20 டிகிரியிலும் இன்ஜின் சுற்றும் அளவுக்கு இளகி இருக்கும் என்று பொருள். பின்னால் உள்ள 30, 40 என்பது 100 டிகிரியில் அளந்த கெட்டித்தன்மை. மணப்பட்டில் மைனஸ் ஏது, அப்புறம் 5 எதற்கு என்று கேட்கத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் காலையில் வண்டி எடுக்கும்போது இருக்கும் 28 டிகிரியும் ஆயிலுக்குக் குளிர்தான். அந்தச் சூட்டில் எந்த ஆயிலும் 100 டிகிரியில் இருப்பதைவிடப் பல மடங்கு கெட்டியாக இருக்கும். இளகிய ஆயில் சட்டென்று மேலே ஏறி டர்போவரைக்கும் போய்ச் சேரும், கெட்டி ஆயில் தாமதிக்கும். ஓட ஆரம்பித்த பிறகோ, இன்ஜினைச் சுற்றும் தண்ணீரைத் தெர்மோஸ்டாட் 90 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கிறது. சிம்லாவிலும் அதே சூடுதான், முள்ளோடையிலும் அதே சூடுதான். வெளியே அடிக்கிற அக்னி நட்சத்திரம் நாம் நினைக்கிற அளவுக்கு உள்ளே போவதில்லை.

இரண்டாவது தவறுதான் பெரியது. அது கெட்டி, தண்ணி சம்பந்தப்பட்டதே இல்லை. விறகடுப்பு எரித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அடுப்பில் விழுகிற கரித்துண்டு மறுபடியும் தீ மூட்டினால் எரிந்துவிடும். சாம்பல் எரியாது, வாரித்தான் கொட்ட வேண்டும். டீசல் துகள் வடிகட்டியும் ஓர் அடுப்புதான். சேருகிற கரியை அவ்வப்போது 600 டிகிரி வரைக்கும் சூடேற்றி அதுவே எரித்துவிடும். ஆனால் ஆயிலில் கலந்திருக்கிற கால்சியம் போன்ற உலோகச் சேர்மானங்கள் எரிந்தால் சாம்பல்தான் மிஞ்சும். அது வடிகட்டியிலேயே தங்கிவிடும். இந்த வண்டிகளுக்கென்று வருகிற சி3 வகை ஆயிலில் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய விதி. நான் சொன்ன மாதிரியான பழைய லாரி ஆயிலில் அது 1 சதவீதத்துக்கு மேலேயே இருக்கும்.

எங்கள் காலத்தில் அந்தச் சேர்மானம் தேவைப்பட்டது. டீசலில் கந்தகம் அதிகம், அதனால் உண்டாகும் அமிலத்தை ஆயில்தான் முறிக்க வேண்டும். இப்போது 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். எரிபொருள் மாறிவிட்டது, இன்ஜின் மாறிவிட்டது. என் மண்டையில் இருந்த பாடம் மட்டும் மாறவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். பழைய சொகுசு வண்டிக்கு ஆயில் வாங்கும்போது கெட்டியா தண்ணியா என்று பார்க்காதீர்கள். எந்த பிராண்டு என்பதும் இரண்டாம் பட்சம். மாமா சொன்னார், மெக்கானிக் சொன்னார் என்பதும் வேண்டாம். வண்டித் தயாரிப்பாளர் கொடுத்த ஒப்புதல் எண் என்ன என்று பாருங்கள். மெர்சிடிஸ் டீசலுக்கு 229.51 அல்லது 229.52, பிஎம்டபிள்யூவுக்கு லாங்லைஃப்-04, ஃபோக்ஸ்வாகன், ஆடி டீசலுக்கு 507 00 என்று வரும். இவை மாதிரிக்குத்தான். ஒவ்வொரு இன்ஜினுக்கும் வருடத்துக்கும் மாறும், உங்கள் வண்டியின் புத்தகத்தில் இருப்பதுதான் செல்லும். புத்தகம் இல்லாமல் வண்டி வந்திருந்தால், அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் சேசிஸ் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

டப்பாவின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். 'அப்ரூவல்' என்று போட்டு எண் இருந்தால், தயாரிப்பாளர் சோதித்து ஒத்துக்கொண்டது. 'பொருந்தும்', 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று மட்டும் இருந்தால், அது ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. என்னைப் போல் கெட்டி ஆயில்மேல் பாசம் உள்ளவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒரே ஒப்புதல் எண்ணில் 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 இரண்டும் கிடைப்பதுண்டு. புத்தகம் அனுமதித்தால் 40ஐ வாங்கிக்கொள்ளுங்கள். மனசும் ஆறும், வடிகட்டியும் பிழைக்கும்.

வாங்கிய வண்டிக்கு இன்னும் சில விஷயம். முந்தைய சொந்தக்காரர் என்ன ஊற்றினாரோ, எப்போது ஊற்றினாரோ நமக்குத் தெரியாது. எனவே வீட்டுக்கு வந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். அடுத்ததை மூவாயிரம் நாலாயிரம் கிலோமீட்டரிலேயே மாற்றினால், உள்ளே தேங்கிய கசடு கொஞ்சம் வெளியேறும். அப்புறம் வருடம் ஒருமுறை, ஓட்டம் குறைவாக இருந்தாலும் சரி. பதினைந்தாயிரம் இருபதாயிரம் வரைக்கும் தாங்கும் என்பது புது வண்டிக்குச் சொன்ன கணக்கு.

ஆயில் அளவு குறைகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், கூடுகிறதா என்றும் பாருங்கள். குறைந்த தூரமே ஓட்டி, வடிகட்டி கரியை எரிக்கும் வேலை பாதியில் நின்றுபோனால், டீசல் ஆயிலில் இறங்கிக் கலக்கும். ஆயில் கூடியிருந்தால் சந்தோஷப்படக்கூடாது, மாற்ற வேண்டும். மாதம் இரண்டு தடவையாவது திண்டிவனம் வரைக்கும் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு வாருங்கள்.

விலை ஜாஸ்தியாயிற்றே என்பார்கள். உண்மைதான். அவன் வண்டி ஏழு லிட்டருக்கு மேல் குடிக்கும். நான் சொன்ன ஆயில் லிட்டர் முந்நூற்றுச் சொச்சம், சரியானது ஆயிரத்துக்கு மேல். ஆனால் வாங்குகிற விலைதான் கால் பங்காகக் குறைந்தது, வளர்க்கிற செலவு புது வண்டிக்கு உள்ளதுதான். யானையை மலிவாகப் பிடித்து வரலாம், அதற்காக அது ஆட்டுத் தீனி தின்னாது. அந்தச் செலவுக்கு மனசு வராவிட்டால் சின்ன வண்டி வாங்கி நிம்மதியாக இருக்கலாம், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

அன்று மரக்காணம் தாண்டி நான் சொன்னது இவ்வளவுதான்: "அந்தப் பையன்கிட்ட என் பேரைச் சொல்லியிருக்கலாமேடா." அவன் சாலையைப் பார்த்தபடியே, "விடுங்க மாமா, நானும் புக்கைப் பாத்திருக்கணும்" என்றான். அக்கா வளர்த்த பிள்ளை.

போன மாதம் மறுபடி ஆயில் மாற்றும் நாள் வந்தது. என்னைக் கூப்பிட்டான், போனேன். டப்பாவை அவன் பிடித்துக்கொண்டான், புத்தகத்தை நான் பிடித்துக்கொண்டேன். எண்ணை அவன் படிக்கப் படிக்க, நான் சரிபார்த்தேன். ஓய்வு பெற்ற ஃபோர்மேனுக்கு இதுவே போதுமான உத்தியோகம்.